சோறு வேறு, அரிசி வேறு

டோக்கியோவின் நிஷி-கஸாயில் பதினொரு வருடம் குடித்தனம் நடத்தியவள், இப்போது சென்னையில் வீட்டு மாடியில் சாயங்கால வேளையில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறேன் என்று போன மாதம் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே புலம்பல்: இலக்கணம் எப்படியோ ஓடிவிடுகிறது, சொல்தான் மண்டையில் நிற்கமாட்டேன் என்கிறது. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். பெயர்களைப் போடவில்லை, ஊர் போதும்.

டிசம்பரில் ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வில் அடிமட்ட நிலையான என்-5 எழுதப்போகிறேன். செல்போன் செயலியில் 800 சொற்களை ஆங்கிலப் பொருளோடு படிக்கிறேன். ராத்திரி படித்தது காலையில் காணோம். ஒரு நாளைக்கு எத்தனை சொல் படிக்கலாம்?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

முதலில் அந்த 800 எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 2010க்கு முன்னால் இந்தத் தேர்வில் நான்கு நிலைகள்தான். அடிமட்ட நிலைக்கு 800 சொல், 100 கான்ஜி (சீனாவிலிருந்து வந்த எழுத்து) என்று தேர்வு நடத்துபவர்களே கணக்குச் சொல்லியிருந்தார்கள். 2010ல் ஐந்து நிலையாக மாற்றியபோது சொற்பட்டியல் வெளியிடுவதையும் நிறுத்திவிட்டார்கள். உங்கள் செயலியில் இருப்பது பழைய கணக்கை வைத்து யாரோ தொகுத்தது. படிக்கலாம், தப்பில்லை. ஆனால் அதை முடித்தால் தேர்வு முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

இப்போது உங்கள் நிஜமான பிரச்சினைக்கு வருகிறேன். ஜப்பானியச் சொல்லுக்கும் உங்களுக்கும் நடுவில் ஆங்கிலத்தை ஏன் உட்கார வைத்திருக்கிறீர்கள்?

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மதுரையில் வாங்கிய ஒரு சின்னப் புத்தகத்தில் 'கொஹன் – ரைஸ்' என்று போட்டிருந்தது. நிஷி-கஸாய் போன முதல் வாரமே சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பையனிடம் "கொஹன் எங்கே?" என்று கேட்டேன். அவன் பணிவாக அழைத்துப்போய் நிறுத்திய இடத்தில், மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் சுட வைத்துச் சாப்பிடுகிற வெந்த சோற்று டப்பாக்கள் அடுக்கியிருந்தன. ஐந்து கிலோ அரிசி வாங்கப் போனவள், வெட்கத்தில் மூன்று டப்பா சோறு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நீ கேட்க வேண்டியது ஒ-கொமெ" என்றார்.

கொமெ என்றால் அரிசி. கொஹன் என்றால் சோறு. வயலில் நிற்கும் நெற்பயிர் இனெ. உமியோடு இருக்கும் நெல் மொமி. தவிடு நுக. வைக்கோல் வர. கஞ்சி ஒகயு. நெல் விளைகிற வயல் தம்பொ. இவ்வளவையும் ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் 'ரைஸ்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு ஆளாளுக்கு ஒரு வால் ஒட்ட வேண்டியிருக்கும். நமக்கு எதற்கு வால்? சொல்லுக்குச் சொல் கையில் இருக்கிறது. கொஹனுக்குச் 'சாப்பாடு' என்ற பொருளும் உண்டு. அஸ-கொஹன் என்றால் காலைச் சாப்பாடு, அதில் ரொட்டி தின்றாலும் பெயர் அதுதான். இன்னொரு வேடிக்கை: அதே சோறு மேல்நாட்டுப் பாணி ஓட்டலில் தட்டையான தட்டில் வந்தால் அங்கே அதற்குப் பெயர் ரைஸு!

உறவுமுறையும் அப்படித்தான். அனி, அனெ, ஒதோதொ, இமோதொ என்றால் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை. ஆங்கிலத்தின் வழியாகப் போனால் 'எல்டர் பிரதர்' என்று சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஒரு எச்சரிக்கை மட்டும்: நம் வீட்டு அண்ணனைப் பிறரிடம் சொல்லும்போதுதான் அனி. அடுத்த வீட்டு அண்ணன் ஒனீசன்.

வினைச்சொற்களில் இது இன்னும் நன்றாகத் தெரியும். சட்டை போடுகிறோம், புடவை கட்டுகிறோம், பூ வைக்கிறோம், கண்ணாடி மாட்டுகிறோம். அங்கேயும் இப்படிப் பிரிவுகள் உண்டு. சட்டை, கோட்டு, கிமோனோ என்றால் கிரு; இடுப்புக்குக் கீழே போடும் பேன்ட், காலுறை, செருப்பு எல்லாவற்றுக்கும் ஹகு; தொப்பிக்குக் கபுரு; கண்ணாடிக்குக் ககெரு. அதனால் பெயர்ச்சொல்லைத் தனியாகப் படிக்காதீர்கள். குடை என்பது கஸ, சரி. மழை வந்தால் அதை என்ன செய்வீர்கள்? பிடிப்பீர்கள். 'கஸ ஒ ஸஸு' என்று மூன்றையும் சேர்த்து ஒரே மூச்சில் படியுங்கள். சளி பிடித்தால் 'கஸெ ஒ ஹிகு'. மருந்து 'குஸுரி ஒ நொமு' – மாத்திரையாக இருந்தாலும் அவர்கள் குடிக்கத்தான் செய்வார்கள்.

ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் தங்கொ-சோ என்று ஒன்று வைத்திருப்பார்கள். கட்டை விரல் அகல அட்டைகளை ஓர் இரும்பு வளையத்தில் கோத்த கொத்து. ரயிலில் நின்றுகொண்டே புரட்டிக்கொண்டிருப்பார்கள். பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி நீங்களே செய்துகொள்ளலாம். முன்பக்கம் ஜப்பானியத் தொடர், பின்பக்கம் தமிழ். செயலிதான் வேண்டும் என்றால் அங்கி இருக்கிறது. அந்தப் பெயருக்கே ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்றுதான் பொருள். மறக்கப்போகிற நேரம் பார்த்துச் சொல்லை மறுபடி முன்னால் நிறுத்துவது அதன் வேலை.

எத்தனை சொல் என்று கேட்டீர்களே. புதியது பத்துக்கு மேல் வேண்டாம். பழையதைத் திருப்பிப் பார்க்காத நாளில் புதியது ஒன்றுகூட வேண்டாம். ஒன்றுபோல ஒலிக்கிற இரண்டு சொல்லை ஒரே நாளில் ஏற்றாதீர்கள். நாலாம் தேதிக்கு யொக்க, எட்டாம் தேதிக்கு யோக. இரண்டையும் ஒரே மத்தியானம் படித்துவிட்டு, நாலாம் தேதி போக வேண்டிய பல் டாக்டரிடம் எட்டாம் தேதி போய் நின்றவள் சொல்கிறேன்.

நான் ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் நோட்டில் எழுதி வைக்கிறேன். ஆசிரியர் திட்டுகிறார். நம் எழுத்துக்கு என்ன குறை?
– வங்கி ஊழியர், திருநெல்வேலி

ஆசிரியர் பக்கம்தான் நான். நம் எழுத்தின் மேல் குறை இல்லை, அது நம் மொழிக்காக அளவெடுத்துத் தைத்த சட்டை. வானிலை, மின்சாரம் இரண்டுக்கும் உள்ள ஜப்பானியச் சொற்களை உங்கள் நோட்டில் எழுதிப் பாருங்கள். இரண்டும் 'தென்கி' என்றுதான் வரும். முதலாவது 'தண்ணீர்' என்பதில் வரும் த, இரண்டாவது 'தேவி' என்று அழுத்திச் சொல்லும்போது வரும் த. தங்கமும் வெள்ளியும் அதே கதை: இரண்டும் 'கின்'.

என் நோட்டும் தமிழ் எழுத்தில்தான் இருந்தது. என் தம்பிக்கு அடுத்த மாதம் முதல் பல்கலைக்கழகம் என்று பக்கத்து வீட்டு அம்மாளிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் வாடிப்போயிற்று, என் கையைப் பிடித்துக்கொண்டார். நோட்டில் 'தைககு' என்று இருந்ததைப் பார்த்து முதல் எழுத்தைத் 'தேவி'யில் வரும் த போலச் சொல்லாமல் 'தண்ணீர்' த போலச் சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னால் படிப்பைப் பாதியில் விடுவது என்று பொருளாம்.

இதைவிட நமக்குத் தெரியாமலே நடக்கிற தப்பு ஒன்று உண்டு. சொல்லின் நடுவில் வரும் க, த, ப எல்லாவற்றையும் நாம் 'அகம்', 'பதம்', 'கோபம்' போல மென்மையாக்கிவிடுவோம். பிடிக்கும் என்பதற்கான சுகி என்ற சொல்லில் 'க' கடினமாக வர வேண்டும். 'சுகம்' போலச் சொன்னால் அது ஸுகி என்ற மரத்தின் பெயராகிவிடும். இந்தப் பக்கத்தில் நான் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிற எல்லாச் சொல்லுக்கும் இதே ஆபத்து உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் குறில் நெடிலில் நாம் ராஜா. ஒபஸன் என்றால் அத்தை வயதுப் பெண், ஒபாஸன் என்றால் பாட்டி. கிதெ என்றால் 'வா', கித்தெ என்றால் தபால் தலை. படத்துக்கும் பட்டத்துக்கும், கலைக்கும் காலைக்கும் பிறந்ததிலிருந்து வித்தியாசம் கேட்டுப் பழகிய காது இது. நான் படித்த வகுப்பில் மற்றவர்கள் மாதக்கணக்கில் தடுமாறிய இடம், எனக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. ஜப்பானியரின் அடிப்படை எழுத்தான ஹிரகனாவில் 46 எழுத்து. ஒரு வாரத்தில் முடித்துவிட்டு நோட்டை மாற்றுங்கள். அகராதி வரிசையும் அ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்றுதான் போகும். இந்திய எழுத்துவரிசை பௌத்தத்தோடு அங்கே போய்ச் சேர்ந்ததன் அடையாளம் அது.

நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் கைஸென் (படிப்படியான மேம்பாடு), கெம்ப, முத என்று தினமும் பேசுகிறோம். இந்தச் சொற்கள் ஜப்பானில் கடைத்தெருவில் உதவுமா?
– லைன் சூப்பர்வைசர், ஒரகடம்

நிறையவே உதவும், ஆனால் அவை வீட்டுக்குப் போனால் வேறு உடை போட்டுக்கொள்ளும். நீங்கள் முத, முர, முரி என்று மூன்றையும் சேர்த்து ஓதியிருப்பீர்கள். வீண், சீரின்மை, சக்திக்கு மீறிய சுமை. வீட்டில் முத-ஸுகை என்றால் வீண்செலவு. முர, சுவரில் பெயின்ட் திட்டுத்திட்டாக இருப்பதற்கும், ஒரு நேரம் சிரித்து ஒரு நேரம் சிடுசிடுக்கிற ஆளுக்கும் பொருந்தும். மூன்றிலும் அதிகம் காதில் விழுவது முரிதான். ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்றால், "சொத்தொ முரி" – கொஞ்சம் கஷ்டம், அதாவது முடியாது. காய்ச்சலோடு நிற்பவரிடம் "முரி ஷினைதெ" – உடம்பைப் போட்டு வருத்திக்காதீங்க.

கெம்ப என்பது உங்களுக்கு வேலை நடக்கும் தளம். டி.வி. செய்தியில் அந்தச் சொல் வந்தால் பெரும்பாலும் விபத்தோ கொலையோ நடந்த இடம். வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் ஐந்து 'எஸ்' விதிகளில் உள்ள ஸெய்ஸோ, அதாவது சுத்தம் செய்வது, வீட்டில் ஸோஜி ஆகும். ஸெய்ரி, ஸெய்தொன் இரண்டுக்கும் பதிலாகக் கதஸுகெரு, அதாவது ஒழுங்குபண்ணுவது. ஸெய்ரியை மட்டும் தொழிற்சாலைக்கு வெளியே மொட்டையாகச் சொல்ல வேண்டாம், மாதவிலக்குக்கும் அதே ஒலிதான். ஷித்ஸுகெ பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஒழுக்கம். தையற்காரர்கள் அதே பெயரில் ஒன்றைச் சொல்வார்கள்: துணி நகராமல் இருக்க முதலில் ஓட்டுகிற தற்காலிகத் தையல். என் வகுப்பில் ஐந்து எஸ் பாடம் எடுக்கும்போது நான் இந்த ஊசி நூலைத்தான் காட்டுவேன்.

ஜப்பானில் ரொட்டிக்குப் 'பன்' என்கிறார்களாமே? நாங்கள் பாண் என்கிறோம். எப்படி?
– வாசகி, யாழ்ப்பாணம்

இரண்டும் போர்த்துக்கீசியர் விட்டுப்போனது. 1505ல் இலங்கைக்கு வந்தார்கள், 1543ல் ஜப்பானின் தனெகஷிமாத் தீவுக்குப் போனார்கள், போன இடமெல்லாம் ரொட்டியைக் கொடுத்தார்கள். நம் பொத்தானும் அவர்களின் பொதனும் அதே கப்பலில் வந்தவை.

ஆனால் தெரிந்த சொல் என்று நம்பிப் போனால் பிற்காலத்து ஆங்கிலச் சொற்கள் காலை வாரிவிடும். கொன்ஸெந்தொ என்றால் சம்மதம் இல்லை, சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட். ஸாபிஸு என்றால் கடைக்காரர் இலவசமாகக் கொடுக்கும் கொசுறு. கன்னிங்கு என்றால் பரீட்சையில் பிட் அடிப்பது. பைகிங்கு என்றால் எடுத்துப் போட்டுச் சாப்பிடும் விருந்து. 1958ல் டோக்கியோ இம்பீரியல் ஓட்டல் அந்தப் பாணி உணவகம் திறந்து வைத்த பெயர், நாடு முழுக்க ஒட்டிக்கொண்டது. மன்ஷொன் என்றால் கான்கிரீட் அடுக்குமாடி வீடு. வீடு கிடைத்துவிட்டது, மன்ஷொனில் இருக்கிறோம் என்று அம்மாவுக்கு போன் பண்ணினேன். அம்மாவுக்குத் தெரிந்த மேன்ஷன் திருவல்லிக்கேணியில் என் மாமா பிரம்மச்சாரியாக இருந்த இடம். "கல்யாணமானவளை மேன்ஷன்லயா வச்சிருக்கான்?" என்று அன்றைக்கு ஒரே அழுகை.

ஜப்பானிய மொழி தமிழிலிருந்து வந்தது என்பது உண்மையா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், திருச்சி

சுசுமு ஒனோ என்ற ஜப்பானிய மொழியறிஞர் இரண்டுக்கும் உறவு உண்டு என்று பல வருடம் எழுதினார், தமிழறிஞர் பொற்கோ அவருடன் சேர்ந்து உழைத்தார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. எனக்கும் உறவு நிரூபணமானதாகத் தோன்றவில்லை. ஆனால் படிப்பவருக்கு உறவு எதற்கு, ஒற்றுமை போதுமே.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர்கள் சொல்வது "இத்தெ கிமஸ்". பிரித்தால் போய், வருகிறேன். உள்ளேயிருந்து வரும் பதில், போய்ட்டு வாங்க என்ற அர்த்தத்தில் "இத்தெரஷ்ஷை". தபெதெ மிரு என்றால் சாப்பிட்டுப் பார்; மிரு என்றால் பார்ப்பதுதான், நாக்கால் பார்க்கச் சொல்கிறார்கள், நம்மைப் போலவே. கத்தெ ஒகு என்றால் வாங்கி வை. வஸுரெதெ ஷிமத்த என்றால் மறந்துவிட்டேன், இன்னும் சரியாகச் சொன்னால் மறந்து தொலைத்தேன், அந்த எரிச்சல் உள்பட. ஆங்கிலப் பாடநூல்கள் இந்த ஷிமத்தவுக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதும். நான் வகுப்பில் 'தொலைத்தேன்' என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

கொடுப்பதற்கு அவர்களிடம் அகெரு, குரெரு என்று இரண்டு உண்டு. எனக்கு வந்தால் குரெரு, என்னிடமிருந்து போனால் அகெரு. தொல்காப்பியரும் தா, கொடு இரண்டையும் இடம் பார்த்துப் பிரித்தார்: தன்மைக்கும் முன்னிலைக்கும் தா, படர்க்கைக்குக் கொடு. ஐயா, உங்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் முழுக்க ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. நாம் 'உனக்குத் தருகிறேன்' என்போம். அங்கே 'உனக்கு' என்றாலும் அகெருதான்.

கிழமைகளும் பெரிய எண்களும் குழப்புகின்றன. சுருக்குவழி?
– இல்லத்தரசி, ஓசூர்

கிழமைக்கு நம் கோள்களையே வைத்துக்கொள்ளுங்கள், வரிசை மாறாது. ஞாயிறு சூரியன், திங்கள் நிலா. பிறகு நெருப்பு, நீர், மரம், பொன், மண் என்று வரும். நெருப்புக் கோள் செவ்வாய், நீர்க் கோள் புதன், மரக் கோள் வியாழன், பொன் கோள் வெள்ளி, மண் கோள் சனி. எண்ணுக்கு, அவர்கள் பத்தாயிரத்தை மன் என்பார்கள். பத்து மன் ஒரு லட்சம், ஆயிரம் மன் ஒரு கோடி. மில்லியன் பக்கமே போக வேண்டாம்.

செவிலியர் படிப்பு முடித்து என்-4 தேறியிருக்கிறேன். முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஐச்சி மாகாணம் போகிறேன். பாடம் புரிகிறது, ஆனால் வீடியோவில் தாத்தா பாட்டிகள் பேசுவது ஒரு சொல்லும் புரியவில்லை. பயமாக இருக்கிறது.
– வாசகி, நாகர்கோவில்

பயம் நியாயம்தான். நீங்கள் படித்தது அலுவலகத்துச் சொல், அவர்கள் பேசுவது வீட்டுச் சொல். படுக்கைப்புண்ணுக்குப் பாடநூலில் ஜொகுஸோ இருக்கும். அறிக்கையில் அதைத்தான் எழுத வேண்டும். பாட்டியிடம் பேசும்போது தொகொஸுரெ. இரண்டும் வேண்டும், எனவே அட்டையின் ஒரே பக்கத்தில் இரண்டையும் எழுதுங்கள்.

அடுத்தது வலி. எப்படி வலிக்கிறது என்று கேட்டால் ஜப்பானியர்கள் இரட்டைக்கிளவியில்தான் பதில் சொல்வார்கள். ஸுகிஸுகி என்றால் விண்விண்ணென்று தெறிப்பது. கங்கன் என்றால் தலையைச் சம்மட்டியால் அடிப்பது போல. ஹிரிஹிரி என்றால் தோல் எரிவது. சிகுசிகு என்றால் ஊசி குத்துவது. ஷிகுஷிகு வயிறு மந்தமாக வலித்துக்கொண்டே இருப்பது, கிரிகிரி அதே வயிறு முறுக்கிப் பிடுங்குவது. பட்டியலாகப் படித்தால் ஒன்றும் நிற்காது. ஒவ்வொன்றையும் சொல்லும்போது உங்கள் உடம்பில் அந்த இடத்தைத் தொட்டுச் சொல்லுங்கள். என் மாணவிகள் சிரிப்பார்கள், ஆனால் மறக்கமாட்டார்கள். நம் ஊரில் நோயாளி 'சுருக்சுருக்குனு குத்துதுமா' என்றால் உங்களுக்கு உடனே புரிகிறது இல்லையா, அந்தக் காதுதான் இதற்கும்.

மூன்றாவது, தைஜோபு. பாடநூலில் 'பரவாயில்லை, நன்றாக இருக்கிறேன்' என்று இருக்கும். கடையில் பை வேண்டுமா என்று கேட்டால் தைஜோபு என்பது 'வேண்டாம்'. வலிக்கிறதா என்று கேட்டால் ஒரு பாட்டி தைஜோபு என்பார், வலித்துக்கொண்டிருக்கும். உங்களுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்ற நினைப்பு. எனவே தைஜோபுவா என்று கேட்காதீர்கள். எங்கே, எப்போதிலிருந்து, ஸுகிஸுகியா ஹிரிஹிரியா என்று கேளுங்கள்.

கடைசியாக, நீங்கள் போவது ஐச்சி என்பதால் ஒன்று. எரை என்ற சொல்லை 'பெரிய மனிதர், மெச்சத்தக்கவர்' என்று படித்திருப்பீர்கள். அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் படுக்கையில் சாய்ந்துகொண்டு "எரை, எரை" என்றால் அவர் யாரையும் மெச்சவில்லை. உடம்பு முடியவில்லை என்கிறார். பதிலுக்குச் சிரித்துவிட்டுப் போய்விடாமல் முதலில் காய்ச்சல் பாருங்கள்.